சொந்தக் காசுல புக்கு போடலாமா? – வாசகர் கேள்வி, எங்க பதில்

போன இதழ்ல "சொந்தமா புத்தகம் போடுறவங்க, போட நினைக்கிறவங்க கேள்வி அனுப்புங்க"ன்னு ஓரத்துல ஒரு வரி போட்டிருந்தோம். கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலைன்னு ரெண்டு பக்கமிருந்தும் கேள்வி வந்து குவிஞ்சிருச்சு, இந்த மலைல இத்தனை பேரு எழுதுறீங்கன்னு எங்களுக்கே தெரியாது. பேரு போட வேணாம்னு பாதிப் பேரு கேட்டதால எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கோம்.

பெருமாள்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பத்திரிகைகளில் வந்த என் சிறுகதைகளைத் தொகுத்தால் 160 பக்கம் வருகிறது. ஒரு பதிப்பகத்தில் 45,000 ரூபாய் கட்டினால் புத்தகம், ஐஎஸ்பிஎன், ஆன்லைன் விற்பனை, எழுத்தாளர் சான்றிதழ் எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு 25 பிரதி இலவசம். இது நியாயமா? நானே போட்டால் எவ்வளவு ஆகும்?

சார், அந்த லிஸ்ட்ட ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாருங்க. ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள எண் நம்ம நாட்டுல இலவசம், டெல்லில ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்குற மத்திய அரசு ஏஜென்சி குடுக்குது, ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், தனி ஆளாவும் வாங்கலாம். என்ன, கொஞ்ச நாள் காத்திருக்கணும். எழுத்தாளர் சான்றிதழ வச்சு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல, நாப்பது வருஷமா பிள்ளைகளுக்கு நீங்கதான சான்றிதழ்ல கையெழுத்து போட்டீங்க. ஆன்லைன் விற்பனைன்னா ஒரு பக்கத்துல உங்க அட்டைப்படம் இருக்கும், அவ்வளவுதான், தேடி வந்து வாங்குற ஆள நீங்கதான் அனுப்பணும். ஆக மிச்சம் இருக்குறது லேஅவுட், அட்டை, அச்சு. அதுக்கு 45,000, கைக்கு வர்றது 25 காப்பி.

அவங்ககிட்ட மூணு விஷயம் எழுத்துல கேளுங்க. மொத்தம் எத்தனை காப்பி அடிப்பீங்க, மீதி காப்பி யாருக்கு, உரிமை எத்தனை வருஷத்துக்கு. கடைசி கேள்விய விட்டுறாதீங்க. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19 என்ன சொல்லுதுன்னா, உரிமைய எழுதிக் குடுக்கும்போது காலம் குறிப்பிடலைன்னா அது அஞ்சு வருஷம்னு எடுத்துக்கணும். ஆனா "முழு காப்புரிமைக் காலத்துக்கும்"னு ஒரு வரிய உள்ள போட்டு நீங்க கையெழுத்து போட்டுட்டா, நீங்க இருக்குற வரைக்கும், அதுக்கப்புறம் இன்னும் 60 வருஷத்துக்கும் போச்சு. காசும் குடுத்து கதையும் குடுக்குறதா?

இப்ப நீங்களே போட்டா என்ன ஆகும்னு பாப்போம். நான் சொல்ற நம்பர் எல்லாம் கணக்கு புரியறதுக்காக ரவுண்டா எடுத்துக்கிட்டது, உங்க அச்சகம் சொல்ற ரேட்டை போட்டு மாத்திக்கோங்க. லேஅவுட், அட்டை டிசைன், பிழைதிருத்தம் மூணும் சேத்து 20,000னு வைங்க, இது பத்து காப்பி அடிச்சாலும் ஆயிரம் அடிச்சாலும் மாறாத செலவு. அச்சு ஒரு காப்பிக்கு 80, விலை 200. நேரா வாசகருக்கு வித்தா (தபால் செலவு அவங்களோடது) காப்பிக்கு 120 நிக்கும், அப்ப 167 காப்பில அந்த 20,000 திரும்பிடும். அதே புத்தகத்த 40 சதவீத கழிவுல கடைக்கு குடுத்தா உங்களுக்கு வர்றது 120, அச்சுச் செலவு போக 40தான், 500 காப்பி வித்தாதான் போட்ட காசு வரும். ஒரே புக்கு, ஒரே விலை, யாரு கைல குடுக்குறீங்கங்கிறதுல மட்டும் மூணு மடங்கு வித்தியாசம்.

பக்கக் கணக்குல உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. ஆஃப்செட்ல (பிளேட் வச்சு மொத்தமா அடிக்கிற முறை) 16 பக்கம் சேந்தா ஒரு பாரம், 160 பக்கம்னா சரியா பத்து பாரம். முன்னுரை எழுதுறேன்னு ஒரு நாலு பக்கம் கூட்டிட்டீங்கன்னா பதினோராவது பாரத்துக்குள்ள கால வச்சிருவீங்க, முக்கால்வாசி வெத்துத்தாளுக்கு காசு. அதனால முன்னுரை, நன்றி, பொருளடக்கம் எல்லாத்தையும் அந்த 160க்குள்ள அடக்கிருங்க. அப்புறம் 100, 200 காப்பிக்கு ஆஃப்செட் வேணாம், பிளேட் செலவு அதிகம், பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல (தேவைக்கு ஏத்தபடி அப்பப்ப அடிக்கிறது) அடிங்க. காப்பிக்கு ரேட்டு கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனா வித்துத் தீந்தப்புறம் திரும்ப அடிச்சுக்கலாம், வீட்ல அடுக்கி வைக்க வேணாம். "500 அடிச்சா காப்பிக்கு இவ்வளவு குறையும் சார்"னு அச்சகத்துல ஆசை காட்டுவாங்க, விக்காத காப்பிக்கு அந்த விலையும் நஷ்டம்தான்.

டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிறவர்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க, எல்லா கம்ப்யூட்டர்லயும் போன்லயும் தெரியற யூனிகோட் எழுத்துல வேணும்னு. இன்னமும் நிறைய இடத்துல பாமினி, வானவில்னு பழைய எழுத்துருலதான் அடிக்கிறாங்க. அச்சுக்கு அது அழகாத்தான் வரும், நாளைக்கு மின்னூலா போடலாம்னு ஃபைல திறந்தா ஒரே கிறுக்கலா நிக்கும், மாத்தி எடுத்தா ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும், திரும்ப முழுசா பிழை பாக்கணும், அதுக்கு இன்னொரு தடவ காசு. பிடிஎஃப் மட்டும் வாங்கிட்டு வந்துறாதீங்க, ஒரிஜினல் ஃபைலும் வாங்கிக்கோங்க, காசு குடுத்தது நீங்க.

கடைசியா ஒண்ணு. உங்க கடிதம் ரெண்டு பக்கம் இருக்கு, இந்த புக்க எதுக்காக போடுறீங்கன்னு அதுல ஒரு வரி கூட இல்லையே சார். பேரப்பிள்ளைகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் குடுக்கன்னா 100 காப்பி போதும், லாபக் கணக்கே பாக்க வேணாம், ஒரு நல்ல பிழைதிருத்துநருக்கு மட்டும் மனசார காசு குடுங்க. ஊர் தெரியாத வாசகர் படிக்கணும்னா அது வேற செலவு: எடிட்டிங் வேணும், அட்டை வேணும், ஒரு வருஷம் நீங்களே சுமந்து சுத்தணும். ரெண்டையும் போட்டு குழப்பிக்கிற இடத்துலதான் இந்த 45,000 ரூபாய் பேக்கேஜ்காரங்க உள்ள வர்றாங்க.

தாண்டிக்குடி: எனக்கு 29 வயது. காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆகலாம் என்று இருக்கிறேன். வருஷத்துக்கு எத்தனை புத்தகம் போட்டால் குடும்பம் நடத்தலாம் அண்ணா?

தம்பி, கணக்கு எழுதுற ஆளு நீங்க, இத எங்கிட்ட கேக்கலாமா. பதிப்பகம் வழியா போனா தமிழ்ல வழக்கமா விலைல 10 சதவீதம் ராயல்டி, அதாவது எழுதினவர் பங்கு. 200 ரூபாய் புத்தகம் ஆயிரம் காப்பி வித்தா 20,000. ஆயிரம் காப்பி விக்கிறதையே தமிழ்ல கொண்டாடுற காலம் இது, அதுவும் ஒரே வருஷத்துல வித்துறாது. உங்க சம்பளத்த பக்கத்துல எழுதி வகுத்துப் பாத்துக்கோங்க. சொந்தமா போட்டா காப்பிக்கு கூடுதலா நிக்கும், மேல பெருமாள்மலை சாருக்கு சொன்ன கணக்குதான், ஆனா பார்சல் கட்டுறது, வாட்ஸ்அப்ல பதில் சொல்றது, பாக்கி வசூலிக்கிறது எல்லாம் உங்க தலைல, எழுதுற நேரம் அதுலயே போயிரும்.

மலைக்குக் கீழ வத்தலக்குண்டுல வளர்ந்தவர்தான் எழுத்தாளர் சி.சு.செல்லப்பா. 1959ல ஆரம்பிச்சு 1970 வரைக்கும் 'எழுத்து' பத்திரிகைய சொந்த முயற்சில நடத்துனாரு, புத்தகமும் தானே போட்டு, கட்டு கட்டா தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா போய் வித்தாரு. சுதந்திரப் போராட்டத்த பத்தின மூணு பாக நாவலயும் 1997ல, எம்பத்தஞ்சாவது வயசுல, தானேதான் வெளியிட்டாரு. அடுத்த வருஷம் காலமாயிட்டாரு, சாகித்திய அகாடமி விருது வந்தது 2001ல. அவரு இன்னைக்கும் பேசப்படுறாரு, சரிதான், ஆனா அவரு வாழ்க்கைய மாதிரியா வச்சு வேலைய விடச் சொல்லி யாராவது உங்ககிட்ட பேசினா அந்த ஆளு மாசச் சம்பளம் வாங்குறாரான்னு முதல்ல பாருங்க.

வேலைய விடாதீங்க. இலக்கு வைக்கணும்னா உங்க கைல இருக்குற விஷயத்துல வைங்க. "இந்த வருஷம் 500 காப்பி விக்கணும்"ங்கிறது அடுத்தவன் பாக்கெட்ல இருக்குற இலக்கு. "ஆடிக்குள்ள நாவலோட முதல் வரைவு முடிக்கணும், ஐப்பசிக்குள்ள ரெண்டு பேரு படிச்சு திட்டணும், அடுத்த வருஷம் அச்சு"ங்கிறது உங்க இலக்கு. காபி பழம் பறிப்பு சமயத்துல எழுத முடியாதுன்னு உங்களுக்கே தெரியும், அந்த மாசங்கள இப்பவே கழிச்சுட்டு திட்டம் போடுங்க. புத்தகத்துல வர்ற காசுக்கு தனியா ஒரு நோட்டு, சம்பளத்தோட கலக்கக்கூடாது, முதல் புத்தகம் சம்பாதிச்சது ரெண்டாவதுக்கு போகட்டும். மூணாவது புத்தகத்த கைக்காசு போடாம கொண்டு வர முடிஞ்சா அப்ப திரும்ப எழுதுங்க, வேலைய பத்தி பேசுவோம்.

நாயுடுபுரம், கொடைக்கானல்: 2018இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்கள் நிறைய உள்ளன. 2030இல் அடுத்து பூக்கும்போது கலர் புத்தகமாகக் கொண்டுவர ஆசை. இப்போதே பணம் சேர்க்க வேண்டுமா?

ஆமா, இப்பவே. வந்த கேள்விகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், தேதிய செடி குறிச்சுக் குடுத்திருக்கு, நீங்க தள்ளிப் போட முடியாது. ஆனா பூ பூத்தப்புறம் புத்தகம் வந்தா பிரயோஜனம் இல்ல. 2018ல ஆடி, ஆவணிலதான மலை நீலமாச்சு, அதுக்கு முன்னாடி ஏப்ரல், மே சீசன் வந்துரும், பிரையண்ட் பார்க் மலர் கண்காட்சிக்கு வர்ற கூட்டம்தான் உங்க முதல் வாசகர். அப்ப 2030 மார்ச்சுல புத்தகம் கைல இருக்கணும், 2029 தீபாவளிக்குள்ள படத்தேர்வும் எழுத்தும் முடிஞ்சிருக்கணும்.

கலர் புத்தகம் செலவு பிடிக்கும். ஆர்ட் பேப்பர், நாலு கலர் பிளேட், ரெண்டுமே கதைப் புத்தகத்தோட ஒப்பிட முடியாத ரேட்டு, 100 காப்பி மட்டும் அடிச்சா ஒரு காப்பி விலையக் கேட்டா யாரும் வாங்க மாட்டாங்க. இங்க மட்டும் நான் பிரிண்ட் ஆன் டிமாண்ட் வேணாம்னு சொல்லுவேன், சிவகாசில ரெண்டு மூணு அச்சகத்துல கொட்டேஷன் வாங்குங்க, 500க்கும் 1000த்துக்கும் தனித்தனியா. காசுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் போடுங்க: 2029 கடைசில "இப்ப பணம் கட்டுறவங்களுக்கு இந்த விலை"ன்னு அறிவிச்சு, வர்ற தொகைய வச்சு அச்சுக்கு அட்வான்ஸ் குடுங்க. நம்ம பதிப்பாளர்கள் ரொம்ப வருஷமா பண்றதுதான். 300 பேரு கூட கட்டலைன்னா 1000 அடிக்க வேண்டாம்னு அப்பவே தெரிஞ்சுக்கலாம்.

படத்துக்கு கீழ தமிழோட இங்கிலீஷ் குறிப்பும் போடுங்க, வாங்கப்போற கூட்டத்துல பாதி கேரளாவும் கர்நாடகாவும்.

"கிண்டில்ல போட்டா செலவே இல்லையே"ன்னு பின்குறிப்புல கேட்டிருக்கீங்க. அமேசானோட அந்த மின்னூல் தளத்துல போடச் செலவு இல்ல, ஆனா ராயல்டிக்கு 70, 35 சதவீதம்னு ரெண்டு திட்டம் இருக்கு, 70னு பாத்தவுடனே அத டிக் பண்ணிறாதீங்க. அதுல ஃபைல் எடைக்கு டெலிவரி செலவு கழிப்பாங்க, நம்ம நாட்டுக் கணக்குல ஒரு எம்பிக்கு 7 ரூபாய். உங்க படப் புத்தகம் 20 எம்பி வந்தா 140 ரூபாய். 199 ரூபாய் விலை வச்சா மிச்சம் 59, அதுல 70 சதவீதம் 41 ரூபாய் சொச்சம். 35 சதவீதத் திட்டத்துல டெலிவரி கழிவு கிடையாது, 199க்கு 69 ரூபாய்க்கு மேல வரும். வரி இதுல சேக்கல. கதைப் புத்தகத்துக்கு 70, படப் புத்தகத்துக்கு 35, பாதி பேரு இத பாக்காமலே கிளிக் பண்றாங்க.

பூம்பாறை, வாசகி: புனைபெயரில் ஒரு செயலியில் தொடர்கதை எழுதுகிறேன். வீட்டில் என் பெயர் தெரியக்கூடாது. அதையே கிண்டிலில் போடலாமா? பெயர் மாற்றி எழுதினால் உரிமை போய்விடுமா? மாதம் 2,000 ரூபாய் வந்தால் போதும் அக்கா.

உரிமை எங்கயும் போகாதும்மா. புனைபெயர்ல எழுதுனாலும் எழுதின நிமிஷத்துலயே உரிமை உங்களுதுதான், பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. மனசு கேக்கலைன்னா 500 ரூபாய் கட்டி பதிவு பண்ணிக்கலாம். ஒரே வித்தியாசம், நிஜப் பேர கடைசி வரை வெளிய சொல்லவே இல்லைன்னா மேல பெருமாள்மலை சாருக்கு சொன்ன அந்த 60 வருஷத்த, காலத்துக்கப்புறம்னு இல்லாம, புத்தகம் வெளியான வருஷத்துல இருந்து எண்ணுவாங்க. பணம் வர்ற பேங்க் கணக்கும் பான் கார்டும் நிஜப் பேர்ல இருக்கணும், அது வாசகருக்குத் தெரியாது, வீட்ல பாஸ்புக்க யாரு பாக்குறாங்கங்கிறது உங்க கவலை.

கிண்டில்ல 2016 கடைசில இருந்தே தமிழ்ல போட முடியுது. நம்ம நாட்டு விற்பனைக்கு 70 சதவீதம் வேணும்னா கேடிபி செலக்ட்ங்கிற அவங்க திட்டத்துல சேரணும், சேந்தா 90 நாளைக்கு அந்தக் கதை மின் வடிவத்துல வேற எங்கயுமே இருக்கக்கூடாது, உங்க செயலிலயும்தான். இதுலதான் நிறைய பேரு மாட்டுறாங்க. செயலில இருந்து கதைய எடுக்க முடியுமான்னு அவங்க நிபந்தனைய முதல்ல படிங்க, முடியலைன்னா செலக்ட்ல சேராம 35 சதவீதத்துல போடுங்க. இன்னொரு வழியும் இருக்கு, பழைய கதை செயலிலயே இருக்கட்டும், அதே ஆளுங்களோட புதுக் கதைய நேரா கிண்டிலுக்கு எழுதுங்க, அங்க இருக்குற வாசகி இங்க தேடி வருவா.

99 ரூபாய் விலை, 70 சதவீதம், எழுத்து மட்டும் இருக்குற சின்ன ஃபைல், எல்லாம் போக கைல 60 ரூபாய் பக்கம் நிக்கும்னு வச்சுக்கிட்டா மாசம் 35 காப்பிக்கு உங்க 2,000 வந்துரும். ஒரே கதைல மாசாமாசம் 35 வராது, நாலஞ்சு கதை இருந்தா நடக்கும். பூண்டு உரிச்சுக்கிட்டே போன்ல பேசிப் பேசி எழுதுறேன்னு சொல்லியிருக்கீங்க, பிரமாதம், ஆனா குரல் வழி தட்டச்சுல ல, ள, ழ மூணும் குழம்பியிருக்கும், வெளியிடுறதுக்கு முன்னாடி ஒரு கண்ணு பாக்க வைங்க.

பண்ணைக்காடு: 300 பிரதி அச்சடித்தேன், 210 வீட்டில் இருக்கிறது. ஐப்பசி மழையில் அட்டைப்பெட்டி நனைந்து பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்ய?

மொதல்ல புக்க மலையில இருந்து இறக்குங்க அண்ணே. வத்தலக்குண்டுலயோ திண்டுக்கல்லயோ சொந்தக்காரங்க வீட்ல ஒரு மச்சு இருந்தா போதும். கைல 20 மட்டும் வைங்க, தரைல வைக்காதீங்க, செவுத்த ஒட்டி வைக்காதீங்க. பூஞ்சை லேசா இருந்தா வெயிலடிக்கிற அன்னைக்கு நிழல்ல விரிச்சுக் காயவிட்டு காஞ்ச துணில தொடைங்க, நேர் வெயில் பட்டா பசை விட்டு பக்கம் உதிரும். பக்கத்துக்குள்ள ஏறிட்டா அந்தக் காப்பிய விக்காதீங்க.

இறக்குறதுல இன்னொரு லாபம், அனுப்பச் சொல்லி அங்கயே யாரையாவது ஏற்பாடு பண்ணலாம். 2025 மே மாசத்துல இருந்து தபால் துறைல 'ஞான் போஸ்ட்'னு ஒண்ணு இருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், அஞ்சு கிலோவுக்கு 100, வரி தனி. 160 பக்க புத்தகம் சுமார் 200 கிராம்தான வரும். கல்வி, சமூகம், பண்பாடு, ஆன்மிகம் சம்பந்தப்பட்ட புத்தகத்துக்குன்னு வச்சிருக்காங்க, உள்ள விளம்பரம் இருக்கக்கூடாது, அச்சிட்டவர் இல்ல பதிப்பாளர் பேரு இருக்கணும். உங்க புத்தகம் செல்லுமான்னு கவுண்டர்ல ஒரு காப்பிய காட்டிக் கேட்டுக்கோங்க. தரை வழியா போறதால மெதுவாத்தான் போகும்னு வாங்குறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க.

ஜனவரில சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல பபாசி (பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம்) நடத்துற புத்தகக் கண்காட்சிக்கு தெரிஞ்ச பதிப்பாளர் யாராவது ஸ்டால் போட்டா ஒரு 30 காப்பி குடுத்து வைங்க, எத்தனை குடுத்தோம், கழிவு எவ்வளவு, எப்ப கணக்கு முடிப்பாங்கன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. நட்புக்காக எழுதாம விட்டா நட்பும் போகும் புக்கும் போகும்.

மூஞ்சிக்கல்: நூலக ஆர்டரை நம்பி அச்சடிக்கலாமா? வேறு எங்காவது பிரதி அனுப்ப வேண்டுமா?

நம்பி அடிக்காதீங்க. நூலகங்களுக்கு வாங்க உங்க புக்கு தேர்வானா நல்லது, ஆனா எப்ப வரும், எத்தனை வரும்னு உங்க கைல இல்ல, அந்தக் காச வச்சு அச்சகத்துக்கு தவணை சொல்லாதீங்க. தமிழ் வளர்ச்சித் துறைல நூல் வெளியிட நிதியுதவி இருக்கு, ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்களுக்கு அவங்க நலத்துறைல தனியா இருக்கு, ரெண்டுக்கும் அச்சடிக்கிறதுக்கு முன்னாடி விசாரிங்க, அடிச்சப்புறம் போய் நிக்காதீங்க.

அனுப்ப வேண்டியது நாலு இடம், 1954ல போட்ட சட்டம்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம். வெளியாகி 30 நாளுக்குள்ள, உங்க செலவுல, ஏன்னா பதிப்பாளர் நீங்கதான். அனுப்பலைன்னா 50 ரூபாய் வரைக்கும் அபராதம், அதோட புத்தக விலையும்னு சட்டம் சொல்லுது, அந்த பயத்துல அனுப்புறவங்க யாரும் இல்ல. நீங்க அனுப்புங்க. நம்ம மலைப் பூஞ்சைக்கு தப்பிச்ச நாலு காப்பியாவது எங்கயாவது இருக்கட்டும்.

வில்பட்டி: வெளியீட்டு விழா வைக்கணுமா?

ஹாலு, பேனரு, மேடைல இருக்குறவங்களுக்கு சால்வை, கீழ இருந்து வர்ற சிறப்பு விருந்தினருக்கு கார், எல்லாருக்கும் டீ, மிக்சர். இந்தக் காசுல ஒரு பிழைதிருத்துநரும் இன்னொரு 50 காப்பியும் வரும். ரெண்டும் முடிச்சப்புறமும் காசு மிஞ்சுச்சுன்னா விழா வைங்க, எங்களுக்கும் பத்திரிகை அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், டூரிஸ்ட் டிராஃபிக்ல வந்து சேர முடியாது.